ஸ்பூன் சத்தம்

“நம்ம பேண்டு சாப்பிடுறவங்க காதுல விழுந்தாப் போதும், மிஸ்டர் செல்வின். ஸ்பூனைக் கீழ வெச்சுட்டுக் கேக்க ஆரம்பிச்சாங்கன்னா உங்க சீட்டு கிழிஞ்சிரும்” என்று ஓட்டல் மேனேஜர் சேஷகிரி முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் செல்வின் எப்போதும் ட்ரம்பெட்டின் வாயில் ஒலியை அமுக்கும் மூடியைச் செருகித்தான் வாசிப்பார். அந்த ஞாயிறு மதிய விருந்தில், பாடல் வரிகளே இல்லாத ஒரு லண்டன் பாப் மெட்டு உச்சிக்கு ஏறும் இடத்தில், மூடி நழுவிக் கீழே உருண்டது. பித்தளையின் திறந்த குரல் கூடமெங்கும் பாய்ந்தது. ஒவ்வொரு மேசையாக ஸ்பூன் சத்தம் அடங்கியது. கோடி மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓட்டல் முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

“எடுத்துச் செருகுய்யா, மேனேஜர் வர்றாரு!” என்று பின்னாலிருந்து டிரம்மர் ஜோக்கிம் பதறினார். குனிந்தால் மெட்டு அறுந்துவிடும். செல்வின் குனியவில்லை. வெளிறிப்போய் ஓடிவந்த சேஷகிரி, ஸ்பூன்கள் அடங்கிய அந்த அமைதியை எப்படியாவது கலைத்துவிட, கையில் கிடைத்த காலித் தட்டில் தானே ஸ்பூனால் தட்டத் தொடங்கினார். முதலாளி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். ஜோக்கிமின் குச்சிகள் நின்றுவிட்டன. செல்வின் கண்ணை மூடிக்கொண்டு மெட்டின் உச்சிக்கு ஏறினார். சேஷகிரியின் ஸ்பூன் மட்டும் தாளம் தப்பாமல் அவர் கூடவே போய்க்கொண்டிருந்தது.