ஒரு பாட்டில் கடல்தண்ணீர்

படகுக்கு டேப்லட் வாங்கப் போன இன்னாசி, கையோடு ஒரு பாட்டில் கடல்தண்ணீரும் கொண்டுபோனார். இருப்பதிலேயே விலை குறைந்த டேப்லட்டில் கடைப்பெண் கடல் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். நீலத்துக்கு நடுவே பொட்டாக ஒரு படகு; அதற்கு வெகு மேலே, நாட்டு எல்லையாக ஒரு சிவப்புக் கோடு.

"இந்தக் கோட்டுக்கிட்டப் போனாலே இது சத்தம் போட்ரும்ணே."

"போன தடவ என் போனும் போடும்னுதான் தாயி சொன்னாங்க. ஒரு அலை அடிச்சு நனைஞ்சதும் ஊமையாயிருச்சு. அந்தப் பக்கத்து நாட்டுக்காரங்க துப்பாக்கிய நீட்டினப்பதான் தாண்டிட்டோம்னே தெரிஞ்சுச்சு. பதினோரு மாசம் ஜெயில்ல கெடந்தேன்." அவர் பாட்டில் மூடியைத் திருகினார். "ஒரே ஒரு சொட்டு ஊத்திப் பாத்துக்கிறேன். இதவிட்டா வேற வாங்க எனக்கு வக்கில்ல."

அவள் முதலாளி இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

சொட்டு கண்ணாடிமேல் விழுந்து, சற்றே தயங்கி, கீழே வழிந்தது. கூடவே வரைபடமும் வழிந்தது. இன்னாசி விரலை வைத்து அதை நிறுத்தப் பார்த்தார். அவருடைய ஈரவிரலை அது சட்டை செய்யவில்லை. படகு திரையின் அடிக்குள் போய் மறைந்தது. மேலே கிடந்த சிவப்புக் கோடு இறங்கி இறங்கி அவர் விரலிடம் வந்தது, அதையும் தாண்டி இந்தப் பக்கம் வந்தது.

"ஒண்ணுமில்லண்ணே, தொடச்சிரலாம்" என்று அவள் துணியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, இன்னாசி இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார்.