உறிஞ்சுகிறாளா, ஊதுகிறாளா

தன் கூண்டுக்குள் ருக்சாரின் கை இருப்பதைக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே வினுஷா பார்த்துவிட்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். ஆய்வுக்கூடத்தில் மற்ற எல்லாரும் கீழே கேன்டீனில் இருந்தார்கள்.

வலைத்துணிக் கூண்டுகள் இரண்டு. இரண்டிலும் மணல் ஈக்கள். கொசுவில் பாதிகூட இல்லாத பூச்சிகள். புழுவாக இருக்கும்போது மக்கிய முயல் புழுக்கை, சிறகு முளைத்தபின் கோழிக்குஞ்சுத் தோல் வழியாக வெதுவெதுப்பான இரத்தம். இத்தனை செய்தும் பிழைத்தால்தான் உண்டு.

ஒரு கூண்டு வினுஷாவின் பொறுப்பு. மற்றது ருக்சாருடையது.

அடுத்த மாதத்திலிருந்து ஒரே ஆள் போதும் என்று டாக்டர் ரமணன் சொல்லியிருந்தார். யாருடைய கூண்டு நிலைக்கிறதோ, அவருக்கு வேலை.

அந்த வாரத்திலிருந்துதான் வினுஷாவின் ஈக்கள் சாக ஆரம்பித்தன. கூண்டின் அடியில் தூசிபோலக் கிடந்தன. மிச்சமிருந்தவை இரத்தத்தின் பக்கமே போகவில்லை.

வேலை போனால் ருக்சாருக்கு இந்த நாட்டில் தங்குவதற்கான வேலை பாஸும் போய்விடும். ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். நாளெல்லாம் அக்கா, அக்கா என்று குழைவது வேறு எதற்கு?

ஒன்றுதான் இடித்தது. ருக்சாரின் கூண்டிலும் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. என் ஈக்களைத் திருடுகிறாள் என்றால், அவற்றை எங்கே ஒளிக்கிறாள்?

இப்போது அவள் வாயில் ரப்பர் குழாய் இருந்தது. வாயால் உறிஞ்சினால் ஈக்கள் கண்ணாடிக் குழலுக்குள் வந்துவிடும். ஊதினால் வெளியே போகும்.

கன்னம் அசைந்தது. உறிஞ்சுகிறாளா, ஊதுகிறாளா, இங்கிருந்து தெரியவில்லை.

வினுஷா கதவைத் தள்ளினாள்.

"என் கூண்டுல உனக்கு என்ன வேலை? திருடுறதுன்னா நான் லீவ்ல இருக்கும்போது திருடு லா."

ருக்சார் பதறவில்லை. கடைசி ஈ வெளியேறும்வரை மெல்ல ஊதினாள். அவளுடைய ஈக்கள் வினுஷாவின் கூண்டுக்குள் பரவின.

"டாக்டர் சாப்பிட்டுட்டு நேரா இங்கதான் வர்றாரு. உங்க கூண்டு காலியா இருந்தா நல்லாவா இருக்கும்?"

"நடிக்காத. கொன்னது யாரு?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க கையில கொசு மருந்து வாசம் அடிக்குது. அதப் பூசிட்டுக் கைய விட்டா ஈ செத்துடும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்."

வினுஷா சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள்.

"உங்க வீட்டுப் பக்கம் ஃபேரர் பார்க் வந்தப்போ பார்த்தேன், உங்க ப்ளாக்ல டெங்கிக் காய்ச்சல் எச்சரிக்கை பேனர் கட்டியிருக்காங்க. ஆனா நீங்க கொசுவுக்குப் பயப்படுற ஆள் இல்ல. தெரிஞ்சும் பூசுறீங்கன்னா, அது உங்களுக்காக இருக்காது."

ருக்சார் குழாயைச் சுருட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"எத்தனை மாசம்?"

கணவன் வாகீசனிடமே வினுஷா இன்னும் சொல்லியிருக்கவில்லை.