பதினேழாம் எண்

ஆஸ்திரேலியக் கால்பந்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது முடிந்து சைரன் ஊதியதும், கோச் காலின் ட்ரெகென்சா ஆட்டத் திட்டப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு நடந்தார்.

பின்னாலேயே பாதி ஊர் நடந்தது. கடைசிப் பகுதிக்கு முன்னால் கோச் என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் நின்று கேட்பது போர்ட் பென்ரோவில் ஊர் உரிமை. பாதி தின்ற இறைச்சிப் பேஸ்டியும் பியரும் யாரும் கேட்காத யோசனையுமாக வந்துவிடுவார்கள்.

இரண்டு கோல் பின்னடைவு. ஆனால் கடல் காற்று இனி முதுகுப் பக்கம். இன்று ஜெயித்தால் ஊரே பத்தொன்பது வருடமாகக் காத்துக் கிடக்கும் இறுதிப் போட்டி; அதற்கு இன்னும் அரை மணி நேர ஆட்டம்தான் பாக்கி.

ஆட்டக்காரர்கள் அவரைச் சுற்றி வட்டம் கட்டினார்கள். சேறும் மூச்சிரைப்புமாக இருபத்தோரு முகங்கள்.

ஒரு முகத்துக்கும் பெயர் வரவில்லை.

இது புதிதல்ல. காலையில் எல்லாம் சரியாக இருக்கும். பொழுது சாயச் சாய ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். ஆட்டக்காரனுக்கு எண் முதுகில்தான் இருக்கிறது. வட்டத்தில் நிற்கும்போது எல்லாரும் முகத்தையல்லவா காட்டுகிறார்கள்? இந்தச் சில நிமிடங்களை நினைத்தே இந்தப் பருவம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பலகையில் ஒட்டும் காந்தங்களில் பெயர்களை அழித்துவிட்டு எண்களை எழுதினார். எல்லாரையும் தம்பி என்றார். தோளில் கை போட்டுப் பேசினார். முன்பெல்லாம் சிடுசிடுவென்று இருந்தவர் வயதாக ஆகக் கனிந்துவிட்டார் என்று ஊர் மெச்சிக்கொண்டது. விஷயம் வெளியே தெரிந்தால் அன்றோடு வேலை போய்விடும். ஆட்டம் இல்லாவிட்டால் தான் யார் என்று அவருக்கே தெரியாது.

பழையவை மட்டும் பத்திரமாக இருந்தன. அடிலெய்டில் நூற்று எண்பத்து நான்கு ஆட்டம் ஆடியவர். பதினோரு முறை தலையில் அடிபட்டு நினைவு தப்பி விழுந்தவர். அந்தக் காலத்துக் கோச் இரண்டு விரலை நீட்டி எத்தனை என்று கேட்பார். பின்னால் நிற்கும் கூட்டாளி காதில் விடையைச் சொல்வான். காலின் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே ஓடுவார்.

அப்படி ஓடித்தான் ஓர் இறுதிப் போட்டியில் வெற்றிக் கோலை அடித்தார். அது மட்டும் அன்றே நினைவில் பதியவில்லை; வீடியோவில் பார்த்ததோடு சரி. வேறு யாரோ அடிப்பதுபோல இருக்கும்.

முதலுதவி பார்க்கும் வெர்னா ஒருவனை முழங்கையைப் பிடித்து அழைத்து வந்தாள். தலையில் கட்டு, பாதி முகம் சேறு. சற்றுமுன் எதிரியின் முழங்கால் பட்டு விழுந்த பதினேழாம் எண் இவன்தான். அதுவரை அவருக்குப் புரிந்தது. இவனை நெடுநாளாகத் தெரியும் என்றும் தோன்றியது.

"இவன் கண்ணு ஒரு இடத்துல நிக்கல, காலின். வேற யாரா இருந்தாலும் உன்னைக் கேட்டிருக்கவே மாட்டேன், நானே உட்கார வச்சிருப்பேன்."

நல்ல ஆட்டக்காரன் என்பதால் கேட்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நல்ல உயரமும் இருந்தான். காற்று முதுகில் இருக்கும்போது இவனை எதிரணியின் கோல் வாசலில் நிறுத்தினால் இரண்டு கோல் என்ன, நான்கே வரும்.

வேண்டாம் என்றுதான் மனம் சொன்னது. இப்படி உள்ளே போகிறவன் கடைசியில் எங்கே வந்து நிற்பான் என்று அந்த மைதானத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. ஆனால் ஊர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"நான் பதினோரு தடவை விழுந்தவன், வெர்னா. எனக்கு இப்ப என்ன கெட்டுப்போச்சு?"

ஊர் சிரித்தது. வெர்னா சிரிக்கவில்லை. பெருமூச்சு விட்டு அவன் முழங்கையை விட்டுவிட்டாள்.

பதினேழாம் காந்தத்தைக் கோல் வாசலுக்கு நகர்த்தினார். அவன் தோளில் கை போட்டு, முன்னால் போய் நிற்கச் சொன்னார். தம்பி என்றுதான் சொன்னார்.

"சரி அப்பா, போறேன்" என்றான் அவன்.

மைதானத்துக்குள் அவரைக் கோச் என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டில் அவரே போட்ட சட்டம் அது. எட்டு வயதிலிருந்து ஒருநாளும் மகன் அதை மீறியதில்லை. தலையில் விழுந்த அடி அவனுக்கு அதை மறக்கடித்திருந்தது.

அப்போதுதான் காலினுக்கு அவன் யார் என்று புரிந்தது. ஏதாவது சொல்வதற்குள் வட்டம் கலைந்துவிட்டது. ஊர் மைதானத்தைச் சுற்றி நிறுத்தியிருந்த கார்களுக்குத் திரும்பி ஹார்ன் அடிக்க ஆரம்பித்தது. அவரும் எல்லைக் கோட்டுக்குத் தள்ளாடி வந்து சேர்ந்தார். உள்ளே ஓடிச் செய்தி சொல்லும் ஆள் எதிர்க் கோடியில் எங்கேயோ இருந்தான்.

சைரன் ஊதியது. நடுவர் பந்தைத் தரையில் அறைந்து எழுப்பி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

கூப்பிட்டு நிறுத்திவிட வேண்டும். வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. மனைவியோடு மூன்று நாள் மல்லுக்கட்டி அவரே வைத்த பெயர். அந்த மல்லுக்கட்டு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருந்தது.

"பதினேழு" என்று தொண்டை கிழியக் கத்தினார். "பதினேழு, வெளியே வா."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பெற்ற அப்பன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?