எட்டாம் வகுப்பு வீட்டுப்பாடம்

மச்சான் மகனுக்காகக் கேள்வித்தாள் கவரைத் தேர்வுக்கு முதல் நாளே பிரித்தவர் தலைமை ஆசிரியர் சற்குணம். அதற்கு மெமோ வாங்கியவள் ஆங்கில டீச்சர் ஜெபசீலி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், இன்று எட்டாம் வகுப்புக் கரும்பலகையில், 'கேள்வித்தாள் கவரைத் தலைமை ஆசிரியரே பிரித்தார்' என்று 'ஹிம்செல்ஃப்' போட்டு ஆங்கிலத்தில் எழுதினாள்.

"ஹிம்செல்ஃபை அழிச்சாலும் வாக்கியம் நிக்குதா?"

"நிக்குது மிஸ்!"

"அப்ப அது அழுத்திச் சொல்ல வந்தது."

அடுத்து, 'அவர் தன்னையே குற்றம் சாட்டினார்' என்று எழுதி, அதில் ஹிம்செல்ஃபை அழித்தாள்.

"யாரைன்னு தெரியலையே மிஸ்!"

அவள் ஹிம்செல்ஃபை மறுபடி அழுத்தி எழுதியதில் சாக்பீஸ் ஒடிந்தது. "அதான். இங்க அது இல்லாம முடியாது. ரெண்டையும் சத்தமா வாசிங்க."

ஐம்பத்திரண்டு தொண்டைகளும் அலறின. சற்குணம் வகுப்பு வாசலுக்கு ஓடிவந்தார். "டீச்சர், முதல்ல போர்டை அழிங்க!"

"இதோ சார்," என்று டஸ்டரை எடுத்தவள், பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "முதல் வாக்கியத்தைப் பத்து தடவை எழுதி, கீழ அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரணும்."

கடைசி மணி அடித்தது. ஐம்பத்திரண்டு பைகளும் வாசலில் நின்றவரை இடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடின.