தகட்டில இருந்த எட்டுத் தொன்

"இனி ஒரு மூடையும் ஏத்தேலாது அண்ணை."

சொல்லிப்போட்டு ஜெயந்தன் லொறியின்ர பின்கதவைப் பூட்டிட்டான்.

கனகராயன்குளத்தில வயல்கரை. கிழக்கால வானம் கறுத்துக்கொண்டு வருது. மாயாண்டியின்ர நெல்லு இன்னும் பதினைஞ்சு மூடை வெறும் நிலத்தில கிடக்கு. நனைஞ்சா முளைச்சிடும், பிறகு ஆர் வாங்குவினம்?

மாயாண்டி லொறிக் கதவில அடிச்சிருந்த கொம்பனித் தகட்டைக் காட்டினார்.

"எட்டுத் தொன்னுன்னு போட்டிருக்கில்ல? ஏத்துனது நாலுதானே தம்பி?"

அது லொறியின்ர சொந்தப் பாரத்தையும் சேத்த எட்டு எண்டான் ஜெயந்தன். வெறும் லொறியே நாலு தொன்னுக்குக் கிட்ட வரும். அச்சு எவ்வளவு தாங்கும், ரயர் எவ்வளவு தாங்கும், எவ்வளவு பாரத்தோட பிறேக் பிடிச்சா நிக்கும் எண்டு கொம்பனிக்காரன் ஒவ்வொண்டாப் பாப்பானாம். எது ஆகக் குறையத் தாங்குதோ, அதுக்கு மேல போகாமத்தான் தகட்டில அடிப்பானாம். இஞ்சின் இழுக்குது எண்டதுக்காக ரயர் தாங்குமோ?

மாயாண்டியின்ர மனுசி வீரம்மாவுக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது.

"சின்னராசா அண்ணன்னா இந்நேரம் எல்லாத்தையும் ஏத்தியிருக்கும். அதுக்கு மனுசர் மொகம் தெரியும். ஒனக்குத் தகடுதான் தெரியுது."

சின்னராசாவும் லொறிக்காரர்தான். போன வருசம் பாரம் கூடி அவரின்ர ரயர் வெடிச்ச நேரம், ஜெயந்தன் சந்தியில எல்லாருக்கும் முன்னால அவரைப் பேசிக் கிழிச்சுப்போட்டான். அண்டையில இருந்து ரெண்டுபேருக்கும் கதை பேச்சில்லை.

ஜெயந்தன் லொறியில ஏறினான், போயிட்டான்.

இருந்த ஒரேயொரு தறப்பாளும் கிழிசல். புருசனும் மனுசியும் அதை மூடையளுக்கு மேல அங்காலயும் இஞ்சாலயும் இழுக்க, முதல் துளி விழுந்திட்டுது.

அப்பத்தான் ஹோர்ன் சத்தம். வெறும் லொறியோட சின்னராசா!

பெருமழை பிடிக்கமுன்னம் பதினைஞ்சு மூடையும் மேல. வீரம்மாவுக்கு இப்பதான் மூச்சே வந்தது.

"நீங்கதாண்ணே மனுசன். அவன் தகட்டைக் காட்டிட்டுப் போயிட்டான்."

சின்னராசா கயித்தை இழுத்துக் கட்டினபடி சொன்னார்:

"அவன்தான், பிள்ளை, எனக்குப் போன் எடுத்தவன். 'அண்ணை, அண்டைக்குப் பிழை என்னிலதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மாயாண்டி அண்ணையின்ர நெல்லு நனையப்போகுது' எண்டான். ஆனா அண்டைக்குப் பாரம் கூட ஏத்தின பிழை என்னில எண்டு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."