பேனா இல்லாத பரீட்சை

"உன்ன யாருய்யா இன்னிக்குப் பாத்து அப்டேட் குடுக்கச் சொன்னது?"

"நான் எங்க குடுத்தேன், அதுவே..."

"அதுவே குடுத்துக்கிச்சா? அதுக்குக் கை கீதா?"

"கேளுமே! ஆன்டி வைரஸ் பழசாயிடுச்சு, புதுசு போடுன்னு ஒரு மாசமா கத்திக்கினு இருந்துச்சு. நீ பரீட்சை எழுதசொல்லோ நடுவுல வந்து கத்துமேன்னு அமுக்கினேன். ரீஸ்டார்ட் ஆவணும்னுச்சு. ஆச்சு. அவ்ளோதான்!"

அவ்வளவுதான் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி: 'இந்த டிஸ்கில் சிஸ்டம் இல்லை' என்று ஆங்கிலத்தில்.

மணி பத்து முப்பத்தாறு. பதினொன்றுக்குள் ஆன்லைனில் நுழையாவிட்டால் கிறிஸ்டினாவின் தேர்வு போயிற்று. துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிற வேலை. ஆறு வருடமாகத் திருவொற்றியூர் கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவள், மூன்று தடவை மனுப் போட்டு இப்போதுதான் தேர்வுவரை வந்திருக்கிறாள். செல்போனில் எழுதக் கூடாது, கேமரா வைத்த கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று கண்டிப்பு.

"எனக்கு இது கெடைக்கக் கூடாதுன்னு அம்மாவும் புள்ளையும் பேசி வச்சுக்கினு..."

"என்ன ஏன்மே இழுக்கற?" சமையற்கட்டிலிருந்து மாமியார் சிலுவையம்மாளின் குரல் பாய்ந்து வந்தது. "பொம்பளைக்கு இன்னாத்துக்குக் கிரேனுன்னு கேட்டேன். ஆமா, கேட்டேன். அம்மாம் ஒசரத்துல ஏறிக் குந்திக்கினு, காத்து தள்ளிச்சுன்னா யாரு புடிக்கறது? இதுல பேனா கூட இல்லாம ஒரு பரீட்சையாம்!"

"அத்த, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!"

கணவன் வால்டர் அதற்குள் தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மஜீதைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

"பாய், பேஜாராப் பூடுச்சு. ஆன்டி வைரஸ் அப்டேட் பண்ணேன், பொட்டி எழுந்துக்கவே மாட்டேங்குது."

"எஃப் எட்டை அமுக்கிக்கினே போடு மாமு."

"அஞ்சு தபா போட்டாச்சு."

"அப்போ பக்கவாட்டு மூடியைத் தொற. உள்ள மெமரி பட்டை கீதா? உருவி, தங்கக் கலர்ல இருக்கற எடத்த ரப்பரால தேயி."

ஸ்க்ரூ டிரைவரை வால்டர் தேடுவதற்குள் கிறிஸ்டினா ஒரு பத்து ரூபாய் நாணயத்தாலேயே திருகுகளைக் கழற்றிவிட்டாள். பின்னால் ரப்பர் வைத்த பென்சில் ஒன்று அகப்பட்டது. ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி முனையைச் சுத்தம் செய்கிற அதே வேகத்தில் தேய்த்தாள், ஊதினாள், 'டிக்' என்று பொருத்தினாள்.

'இந்த டிஸ்கில் சிஸ்டம் இல்லை.'

மணி பத்து ஐம்பது.

"பூடுச்சா?" என்று சமையற்கட்டு கேட்டது.

"பூடல!" என்று கிறிஸ்டினா கத்தினாள்.

"இரு, இரு" என்றார் மஜீது. "வால்டரு, கடைசியா இத்த எப்போ முழுசா அணைச்சே?"

"அணைக்கறதா? டிவி மாதிரி முன்னால இருக்கற திரைய மட்டும் ஆஃப் பண்ணுவேன். பொட்டி அது பாட்டுக்கு ஓடும்."

"கிழிஞ்சுது போ! அப்போ அப்டேட் மேல தப்பே இல்ல. அது ரீஸ்டார்ட் பண்ணச்சொல்லோதான் உன் பொட்டி ரொம்ப நாள் கழிச்சு மறுபடி எழுந்துக்குது. எழுந்துக்கும்போது வெளிய சொருவி இருக்கறதுலதான் சிஸ்டம் கீதான்னு மொதல்ல தேடும். 'இந்த டிஸ்க்'குன்னு சொல்லுதே, எந்த டிஸ்க்? பின்னால பாரு!"

வால்டர் மேசைக்கடியில் பாய்ந்தான். செல்போன் வெளிச்சத்தில் ஒயர்க் குப்பைக்கு நடுவே ஏதோ சிவப்பாகத் தெரிந்தது.

"ஏய், என் பென் டிரைவு! நேத்துலேர்ந்து இத்ததான் தேடிக்கினு கீறேன்!"

"புடுங்குய்யா!"

பிடுங்கினான். ஸ்விட்சைத் தட்டினான். திரை நீலமாக மலர்ந்தது.

"வந்துடுச்சு! பாய், வந்துடுச்சு!" வால்டர் எழுந்த வேகத்தில் மேசையில் தலையை முட்டிக்கொண்டு, அதற்கும் சேர்த்துச் சிரித்தான்.

மணி பத்து ஐம்பத்தேழு. பாஸ்வேர்டை ஒரு தடவை தப்பாக அடித்து, மறு தடவை சரியாக அடித்து, கிறிஸ்டினா உள்ளே புகுந்துவிட்டாள். கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது. இனி அந்த அறையில் வேறு முகம் தெரியக் கூடாது, வேறு குரல் கேட்கக் கூடாது. வால்டர் தவழ்ந்தே வெளியே வந்து கதவுத் திரையை இழுத்துவிட்டான்.

சமையற்கட்டில் அம்மாவின் காதோரம் கிசுகிசுத்தான்: "அப்டேட்டால இல்லம்மா, இத்தாலதான். கொஞ்சம் வுட்டிருந்தா அவ பொழப்பே பூட்டிருக்கும். எந்தக் கசுமாலம் இத்தக் கொண்டு போய்ப் பின்னால சொருவுச்சோ..."

சிலுவையம்மாள் பென் டிரைவை வெடுக்கென்று வாங்கி, முந்தானையால் தூசியைத் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீ பத்தாவது எழுதசொல்லோ உன் பேனாவை அந்தோணியார் கோயில்ல மந்திரிச்சுக் குடுத்தேன்ல? இவளுக்குப் பேனாவே இல்லேன்னீங்க. பொட்டியத் தூக்கிக்கினு போவ முடியுமா? அதான் அதுல சொருவுறத எடுத்துக்கினு போயி, நேத்து செவ்வாக்கெழம நவநாள்ல பீடத்துல வச்சு, அவ பாஸ் ஆவணும்னு பூசை முடியற வரைக்கும் முட்டி போட்டேன்."

கதவுத் திரையை விரல் நுனியால் விலக்கி மருமகளின் முதுகைப் பார்த்துவிட்டு, மகன் பக்கம் குனிந்தாள்.

"அவதான் உள்ள பூந்துட்டாளே, இப்போ சத்தம் போடாம திரும்பச் சொருவிட்டு வந்துடட்டா?"