ஒரே இழுப்பில் ஒரு மூக்கு

எட்டாம் வகுப்பில் தான் வரைந்த சித்திரக்கதைப் புத்தகம், நாற்பது வருஷம் கழித்துத் தங்கையின் டிரங்குப் பெட்டியிலிருந்து கிடைத்ததில் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

“மாப்பிள்ளை, ஹீரோவோட மூக்கைப் பாருங்க! ஒரே இழுப்பு. இப்ப வரையச் சொன்னா எனக்கே வராது.”

தங்கையின் கணவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “அச்சுல போட்ட மாதிரி இருக்கே மச்சான்! இவளும் வரைவாளா?”

“இவளா? இவ கை பட்டா குட்டிச்சுவர்தான். பென்சிலையே தொட விடமாட்டேன்.”

தங்கை டீயை வைத்துவிட்டு, சிரித்தபடி உட்கார்ந்தாள்.

“இது ஒண்ணுதான் போட்டீங்களா?” என்றார் கணவர்.

“அஞ்சு! நடுநடுவுல கார்பன் தாளை வெச்சு, விரல் வலிக்க அழுத்தி வரைவேன். மேல இருக்கிறது எனக்கு. அடுத்த மூணும் சிநேகிதங்களுக்கு. அடியில இருக்கிறது இவளுக்கு. அதுல கோடு விழுந்திருக்கான்னு பூதக்கண்ணாடி வெச்சுத்தான் தேடணும். ‘ஒண்ணுமே தெரியலண்ணா’ன்னு ஒரே அழுகை!”

சொல்லிக்கொண்டே அட்டையைத் திருப்பியவர் சட்டென்று நிறுத்தினார். மூலையில் அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: ‘பிரதி 5’.

மறுபடி உள்ளே புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கோடுகள் கன்னங்கரேலென்று இருந்தன.

“இது எப்படிம்மா இவ்வளவு பளிச்சுன்னு...?”

“அழுது முடிச்சதும், பேனாவை எடுத்து ஒவ்வொரு கோட்டு மேலயும் போனேன்,” என்றாள் தங்கை. “மூக்கு மட்டும் தாள்ல விழவே இல்லண்ணா. அதை நானாத்தான் போட்டேன்.”